வேலை குறைந்த ரகம்

விறகடுப்புக்கு மேலே இருந்த பலகையில் அந்தத் தகர டப்பாவைப் பார்த்ததும் ஓர்லீனா எட்டி அதை இறக்கினாள். அது இருக்க வேண்டிய இடம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. குளிர்காலம் முழுக்க அணையாமல் எரிந்த அடுப்பு அது. பலகையில் கை வைத்தாலே சுட்டது. டப்பாவுக்குள் மாமனார் காலத்திலிருந்து வருகிற பர்லி ரகப் புகையிலை விதை, மூக்குப்பொடி மாதிரி அத்தனை சன்னம். ஃபிரிட்ஜைத் துடைத்த அன்றைக்கு நான்தான் மறதியாக இங்கே தூக்கி வைத்துத் தொலைத்திருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சூட்டில் விதை செத்திருக்குமோ என்று வீட்டில் வைத்துச் சோதித்தால் எஸ்டில் பார்த்துவிடுவான். அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துச் சலவை அறை ஜன்னலில், ஒரு தட்டில் ஈரத்துணி விரித்து அதன்மேல் ஒரு சிட்டிகை விதை தூவினாள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஒன்றுகூட முளைக்கவில்லை.

எஸ்டில் அவள் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது கையும் காலும் விழுந்துபோய், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கோணிய வாயோடு அவன் சொன்ன முதல் வார்த்தையே, "நம்ம பொகையிலைய விட்டுறாத" என்பதுதான். அவளும் சரி என்றாள். வேறென்ன சொல்ல முடியும்? ஒரு காலத்தில் அஞ்சு ஏக்கர் போட்டு ஏலத்துக்கு அனுப்பிய குடும்பம். இப்போது வீட்டுக்குப் பின்னால் நாற்பது செடி, அவன் வாயில் அடக்கிக்கொள்ள மட்டும். டாக்டர் அதையும் கூடாது என்றுவிட்டார். பாதி நாள் அவன் மோந்து பார்ப்பதோடு சரி. ஆனால் அப்பன் விதையிலிருந்து வந்த இலை என்று மோந்து பார்ப்பான். அந்த மனுஷனுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் நான் வேகவைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சொல்லப்போவதில்லை என்று முடிவு கட்டினாள். வேறு விதை வாங்கி அந்த டப்பாவிலேயே கொட்டிவிட வேண்டியது.

விதைக்கடை வெர்லின் அவளைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் நூறு வயசு. கல்லாவுக்குப் பக்கத்தில் சுவரில் ரகங்களின் அட்டவணை ஒட்டியிருந்தது.

"என்னக்கா, மாமனார் வெத சலிச்சுப்போச்சா?"

"ஒன் வேலையப் பாரு. எங்க கீழ்த்தரையில தண்டு கறுத்துச் சாவுது. போன வருசம் பாதி போச்சு."

"அப்ப நோய் தாங்குறது வேணும். இந்தா, இது நல்லாத் தாங்கும், எடையும் மலை மாதிரி வரும். இத எல்லாரும் அள்ளிட்டுப் போறாங்க."

"எவ்வளவு ஒசரம்?"

"ஒன் தலைக்கு மேல போவும்."

"வேணாம். பக்கக் கொழுந்து எதுல கம்மி? ஒடிச்சு ஒடிச்சு மாளல."

வெர்லின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "இருபது வருசமா விக்கிறேன், எடை என்ன வரும், இலை என்ன நெறம்னுதான் கேப்பாங்க. நீ என்னக்கா பொண்ணு பாக்குற மாதிரி கேக்குற?"

"எது கொறஞ்ச வேலைன்னு சொல்லு. நான் ஒருத்தியே தூக்கணும்."

"கொறஞ்ச வேலையா? பொகையிலையிலயா?" கடையே அதிரச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அட்டவணையில் விரலை ஓட்டிக் கீழே வந்தான். "இது குட்டை. சீக்கிரம் முத்திரும், ஆகஸ்ட்லயே வெட்டிரலாம். இலை நிமிந்து நிக்கும், கொழுந்தும் கொஞ்சம் கம்மி. நோயும் ஓரளவு தாங்கும். ஆனா எடை வராது, வாசமும் சுமார்தான்."

"அதையே குடு."

அறுபத்தோரு வயதில், அந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு நாற்பது வருஷம் கழித்து, என்ன விதைப்பது என்று அவள் தானாகத் தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்கலாம். திருடிக்கொண்டு வந்தவள் மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

வேலை குறைந்த ரகமாம்! அதுவும் புகையிலைதானே. தண்ணீரில் மிதக்கும் தட்டில் நாற்று விட்டாள். மே கடைசியில் முட்டி போட்டு நட்டாள். எட்டு மணி நேரம் அடுத்தவர் படுக்கை விரிப்புகளை அலசிவிட்டு வந்து களை கொத்தினாள். ஜூலையில் பூக்கொத்தை ஒடித்தாள். ஒடித்த வாரத்திலேயே கணுவுக்குக் கணு கொழுந்து கிளம்பியது. கம்மி என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. விரலெல்லாம் கறுப்புப் பிசின். சோப்புப் போட்டாலும் போகாது, சோள ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தாலும் கசக்கும்.

எஸ்டில் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த வருசம் செடி நிமிந்து நிக்குது," என்றான் ஒருநாள்.

அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "மழை நல்லாப் பேஞ்சிருக்குல்ல."

"ம்," என்றான்.

ஆகஸ்ட் கடைசியில் வெட்டினாள். உலரவைக்கும் கழி ஒன்றுக்கு ஆறு செடி குத்துவார்கள். அவள் மூன்று குத்தினாள். கொட்டகையில் கீழ் உத்தரத்தில் மட்டும் தொங்கவிட்டாள். ஒவ்வொரு கழியைத் தூக்கும்போதும் இடுப்பில் யாரோ ஆணி அடித்தார்கள். இரண்டு மாதம் காற்றில் பாடமாகி, பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பானது. காய்ந்த இலையைத் தொட்டால் நொறுங்கும். மழையோ மூடுபனியோ வந்து இலை பதத்துக்கு வந்தால்தான் இறக்க முடியும். அக்டோபர் முழுக்க வானம் பொட்டு ஈரம் தரவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை மூடுபனி இறங்கியது. கொட்டகைக்கு ஓடினாள். இலை துணி மாதிரி மடிந்தது. வெயில் வருவதற்குள் எல்லாவற்றையும் இறக்கியாக வேண்டும். முதல் தண்டிலிருந்து ஒரு கை இலை உருவி, வருஷா வருஷம் செய்வது போல எஸ்டிலிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் மூக்கைப் பார்க்கத் தைரியமில்லாமல் காபிப் பாத்திரத்தை எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் நெடுநேரம் மோந்தான்.

"நல்ல இலைதான். என்ன ரகம்?"

பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எஸ்டில்... ஒங்கப்பன் வெத செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். அடுப்புப் பலகையில வச்சு மறந்துட்டேன்."

"நீ வைக்கல."

"என்னது?"

"அத அங்க வச்சது நான்."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன வருசம் கொழுந்து ஒடிக்கையில நடுச் சால்ல உக்காந்துட்ட. எந்திரிக்க முடியல. ஒரு செடியப் புடிச்சு, அது ஒடிஞ்சு, இன்னொண்ணப் புடிச்சு எந்திரிச்ச. இந்த ஜன்னல்லேருந்து பாத்தேன். எந்திரிச்சு வந்து தூக்கக்கூட எனக்கு வக்கில்ல." இலையை மேசையில் வைத்தான். "வெத செத்துப்போச்சுன்னா விட்டுருவன்னு நெனச்சேன். நீ என்னடான்னா கடைக்குப் போயி வாங்கியாந்து நட்டுட்ட!"

"வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்ன?" அவள் போட்ட சத்தத்தில் கப்பு அதிர்ந்தது. "ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த! இந்தக் கோடை முழுக்க என் இடுப்பு செத்துச்சே, பாவி மனுசா! எதுக்குன்னு நெனச்ச? ஒனக்காகத்தான!"

"விட்டுறாதன்னு கெஞ்சினதே நான். எந்த வாயால சொல்றது? நீயாச்சும் முடியலன்னு சொல்லுவன்னு ஆறு வருசமாப் பாத்தேன்."

சொல்லியிருக்கலாம்தான். ஆறு வருஷத்தில் ஒருதரம்கூட அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். கோபம் கொதித்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், அவள் வேலைக்குப் போன பிறகு, இந்த மனுஷன் தடியை ஊன்றிக் காலை இழுத்து இழுத்து, அப்பன் விதையை அடுப்புப் பலகைக்கு ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனது கண்ணுக்குள் வந்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அழுதாள்.

எஸ்டில் நல்ல கையை நீட்டி அவள் விரலைப் பிடித்தான். பிசின் படிந்த விரல்.

"வாசம் மோசமில்ல," என்றான். "வெர்லினா குடுத்தான்?"

"சுமார்னு சொல்லித்தான் குடுத்தான்." மூக்கைச் சிந்தினாள். "அடுத்த வருசம் அந்த எடத்துல என்ன செய்யிறது?"

"புல்லு முளைக்கட்டும்."

"அத யாரு வெட்டுவா?"

அவன் கோண வாயால் சிரித்தான்.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி கலைந்து, கொட்டகைக் கூரைமேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இலை மறுபடி மொறுமொறுத்துவிடும். அப்புறம் எந்த ஈரம் எப்போது வருமோ. எஸ்டில் கொட்டகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பதம் போயிரும், ஓர்லீனா."

"என்னால முடியல, எஸ்டில்," என்றாள் அவள். குனிந்து பூட்ஸைக் கழற்றி, நாற்காலிக்குக் கீழே தள்ளினாள்.