மாவு துடைத்த முகம்

என் அத்தைக்குப் படம் எடுப்பதில் ஒரு பைத்தியம். வேலை பார்ப்பது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வெந்நீர் இயந்திரத்திலிருந்து இழுத்து, உலர்த்தி, மடித்து, எந்த மாடிக்கு எது என்று பிரித்து வண்டியில் அடுக்க வேண்டும். விரல்கள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். வீட்டுக்கு வந்து போனைக் கையில் எடுத்தால் பல நேரம் திரை அந்த விரலுக்குக் கட்டுப்படாது. "என் கைய மனுசக் கைன்னே ஒத்துக்க மாட்டேங்குது பாரு" என்று துண்டில் துடைத்துத் துடைத்துத் தொடுவாள்.

ஆனால் எடுத்துவிட்டால் படம் பேசும். ஜன்னலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிடுவாள். கிழிந்துபோனதென்று சலவைக்கூடத்தில் கழித்துப் போட்டது. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் விழும். உட்கார்ந்திருப்பவரைச் சிரிக்கச் சொல்ல மாட்டாள். "சிரின்னு சொன்னா எவன் சிரிப்பான்? பல்லத்தான் காட்டுவான்." ஊர்க்கதை எதையாவது எடுத்துவிடுவாள். கேட்பவர் தன்னை மறக்கும் நேரம் பார்த்துப் படத்தை எடுத்துவிடுவாள்.

நன்றாக வந்ததைக் கடையில் பெரிதாகப் போட்டு, சட்டமிட்டு, முன்னறைச் சுவரில் மாட்டுவாள். அந்தச் சுவரில் இடம் கிடைப்பது எங்கள் சொந்தத்தில் ஒரு கௌரவம். யார்மீதாவது கோபம் வந்தால் அவர்களுடைய படம் மட்டும் கழன்று குளியலறைக்குப் போகிற நடையில் தொங்கும். நான் அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் அப்பா முதலில் கேட்பது இதைத்தான்.

"நான் இப்ப எங்க இருக்கேன்?"

"குளியலறைப் பக்கம்ப்பா."

"போன மாசம் முன்னறையிலதானே இருந்தேன்! அப்படி என்ன சொல்லிட்டேன் உங்க அத்தைய?"

நான் மட்டும் இடம் மாறியதே இல்லை. சுவரின் நட்ட நடுவில், பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அங்கி வாடகைக்கு எடுத்தது. அது அத்தை எடுத்த படமும் இல்லை. கல்லூரிக்கு வந்த புகைப்படக்காரர் எடுத்தது. எனக்குப் பின்னால் தெரியும் புத்தக அலமாரி வெறும் சீலையில் வரைந்தது. படத்தில் இருக்கும் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கும். எனக்கு அடுத்து எங்கே போவது என்பதுகூடத் தெரியாது, அப்போதும், இப்போதும்.

அந்தச் சுவரில் வெகுகாலம் இல்லாத ஒரே ஆள் மாமா.

மாமாவுக்கு மாவு மில்லில் வேலை. அரைத்து வருவதை மூட்டையாகப் பிடித்து, தைத்து, லாரியில் ஏற்றுவார். சாயங்காலம் தெருவில் வரும்போது தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாக இருக்கும். தெருவில் அவருக்கு வெள்ளைக்காரர் என்றே பெயர். "என்ன வெள்ளைக்காரரே, கப்பல் வந்திருச்சா?" என்று டீக்கடைக்காரர் கேட்பார். மாமா கையை ஆட்டிவிட்டுப் போவார். வாயைத் திறந்து சிரிக்க மாட்டார். வாலிப வயதில் மூட்டைக் கொக்கி பட்டு முன்பல் ஒன்று போய்விட்டது. அதிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். போனைக் கண்டால் ஆளே எழுந்து போய்விடுவார். அத்தையிடம் இருந்த மாமா படங்களில் பாதி முதுகு, பாதி முழங்கை. கல்யாணத்தின்போது எடுத்த ஒன்றில் தலையைக் குனிந்திருக்கிறார், தெரிவது உச்சந்தலை.

"கட்டின புருசன ஒரு படம் எடுக்க முடியல. நான் ஊரையெல்லாம் எடுத்து என்ன கிழிச்சேன்?" என்பாள் அத்தை.

"என் மூஞ்சிய நீ தெனமும் பாக்கறதான? சுவத்துல வேறயா?" என்பார் மாமா.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொண்டார். அன்று பக்கத்து வீட்டுக் குழந்தையைப் படம் எடுப்பதற்காக அத்தை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தாள். நானும் இருந்தேன். மாமா வேலையிலிருந்து வந்து, வாசற்படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். குழந்தை தவழ்ந்து அவரிடம் போனது. வெள்ளை முகத்தைக் கண்டு முதலில் உதட்டைப் பிதுக்கியது. அழப்போகிறதென்று நினைத்தோம். கையை நீட்டி அவர் கன்னத்தை அப்படியே வழித்தது. மாவு விலகி, விரல் போன வழியெல்லாம் கறுப்பாய் மாமாவின் தோல் தெரிந்தது. மாமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்ததால் வாயை மூட அவருக்குக் கை இல்லை.

அத்தை எடுத்துவிட்டாள்.

படத்தில் குழந்தை வரவில்லை. மாமாவின் முகம் மட்டும். மாவு படிந்த புருவம், கன்னத்தில் விரல் தடங்கள், பல் போன இடம், கண்ணோரம் நீர். பார்க்கிறவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்துவிடுவார்கள். அதைச் சுவரில் மாட்டியதும் மாமா கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு விட்டுவிட்டார். யாரும் இல்லாதபோது அதன் முன்னால் நின்று பார்ப்பார் என்று அத்தை சொல்லியிருக்கிறாள்.

மழைக்காலத்தில் மாமாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அத்தை மடிக்கிற விரிப்பிலேயே கொஞ்சநாள் படுத்திருந்தார். பிறகு இல்லை. அவர் போன கொஞ்ச காலத்தில் அத்தையின் போனும் போனது. வேலையங்கியின் பையில் மறந்துவைத்து, அங்கி வெந்நீர் இயந்திரத்துக்குள் போய்விட்டது. "போகட்டும். வேணுங்கறது சுவத்துல இருக்கு" என்றாள் அத்தை. அது உண்மைதான் என்று நாங்களும் நினைத்தோம்.

அத்தைக்கு ஒரே மகன். எனக்குப் பிறகு படித்தவன். என்னைப் போலத் தடுமாறாமல் நல்ல அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டான். கூட வேலை பார்க்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. அவள் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

"ஏம்மா, எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு நிக்கிறாங்க. அப்பா மட்டும் வேலையில இருந்து வந்த மாதிரியே இருக்காரே."

"வேலையில இருந்து வந்தவர்தானடா."

"அதுக்கு இல்லம்மா. முதல்முதலா பாக்க வர்றாங்க. கொஞ்சம் சுத்தமா இருந்தா நல்லா இருக்குமேன்னு பாத்தேன். விடு."

அவன் அதோடு விட்டுவிட்டான். அத்தைதான் விடவில்லை. பின்னால் என்னிடம் சொன்னாள்: "அவன் சொன்னதுக்காக இல்லடி. அவரு உசுரோட இருந்திருந்தா மாவும் ஓட்டப்பல்லுமா சம்பந்தி முன்னாடி வந்து நிப்பாரா? குளிச்சு, தலைசீவி, நல்ல சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் வருவாரு. நான் அவர மானங்கெடுத்தி வச்சிருக்கேனோன்னு தோணிருச்சு."

படத்தைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போனாள். மாவைத் துடைக்க வேண்டும், நல்ல சட்டை போட வேண்டும், அதே சட்டத்தில் மாட்டித் தர வேண்டும். இவ்வளவுதான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை கழிந்தது. பெண் வீட்டார் வந்து, பேசி, நாள் குறித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அத்தை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசினாள். "மருமகளே, ஒருதரம் வந்துட்டுப் போ." நான் அண்ணன் மகள் என்பதால் அப்படித்தான் கூப்பிடுவாள். வழக்கமாக அதில் ஒரு கேலி இருக்கும். அன்று இல்லை.

போனபோது சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சட்டத்துக்குள் கோட்டும் டையும் போட்ட ஒருவர் இருந்தார். முகம் பளபளவென்று இருந்தது. மூடிய உதட்டில் அளவான புன்னகை. சீராக வெட்டிய கறுப்புப் புருவம். ஏதோ வங்கி மேலாளர் போல. பார்க்க அழகாகத்தான் இருந்தார்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் அத்தை.

"நல்லா இருக்கு அத்தை."

"அவரு மாதிரி இருக்கா?"

நான் கிட்டே போய் அந்தப் புன்னகையில் மாமாவைத் தேடினேன்.

"எனக்கும் அதான்டி. ஏதோ விருந்தாளி வந்து உக்காந்து, போகாம இருக்கற மாதிரி இருக்கு."

பழைய படத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனோம். கணினி முன்னால் இருந்தவர் என் வயதுக்காரர். நல்லவிதமாகத்தான் பேசினார்.

"பழைய படமா? அது கண்ணாடியோட ஒட்டிப்போயிருந்துச்சும்மா. சுவத்துல ஈரம் இருந்தா அப்படி ஆகும். உரிச்சா கிழியும்னு கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணிட்டு, கண்ணாடி விரிசல் விட்டிருந்ததால தூக்கிப் போட்டுட்டோம். உங்களுக்குப் புதுக் கண்ணாடிதான் போட்டுக் கொடுத்திருக்கோம்."

"ஸ்கேன் பண்ணது இருக்குமே?" என்றேன் நான்.

"அதுமேலயேதான் வேலை பார்த்தேன். அதுலயே சேவ் ஆயிருச்சு." கொஞ்சம் தயங்கினார். "ஏம்மா, சரியா வரலையா?"

"மாவத் தொடைக்கத்தானப்பா சொன்னேன்" என்றாள் அத்தை. "மூஞ்சிய ஏன் மாத்தின?"

"மாத்தலைம்மா. மாவு எடுத்தா அடியில ஏதாவது இருக்கணும்ல? அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அவரப் பாத்ததில்லையே. கம்ப்யூட்டரே போட்டுக்கிட்டதுதான். புருவம், கன்னம் எல்லாம். பல்லு ஒண்ணு குறைஞ்சிருந்துச்சு, அதான் வாய மூடிவிட்டேன். எல்லாரும் அதத்தான் கேப்பாங்க."

சண்டை போட நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்தாள். "அந்தத் தம்பி மேல தப்பில்ல. குழந்தை வழிச்ச இடம் ஒண்ணுலதான் அவரு தோலு தெரிஞ்சுது. அதையும் அழுக்குன்னு கம்ப்யூட்டரு நினைச்சிருச்சு."

வரும் வழியில் நான் போனைத் துழாவிக்கொண்டே நடந்தேன். அந்தச் சுவருக்கு முன்னால் எத்தனையோ பேர் நின்று படம் எடுத்திருக்கிறோம். எதிலாவது பின்னால் மாமா இருக்க வேண்டுமே. ஒன்று கிடைத்தது. பட்டம் வாங்கிய பிறகு நான் அங்கே போயிருந்தபோது எடுத்தது. நான் நடுவில், எனக்குப் பின்னால் என் படம், அதற்குப் பக்கத்தில் மாமாவின் சட்டம். பெரிதாக்கினேன். சட்டத்துக்குள் வெள்ளை வட்டம் ஒன்றுதான் இருந்தது. பிளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முகத்தை மறைத்திருந்தது. அத்தையிடம் காட்டவில்லை.

மில்லில் கேட்டுப் பார்த்தேன். அடையாள அட்டையை ஆள் போனதும் வாங்கிக் கிழித்துவிடுவார்களாம். அரசாங்க அட்டையில் இருந்தது முகமென்று சொல்ல முடியாத ஒரு கறுப்புத் திட்டு.

அத்தையின் மகனிடம் பேசும்போது திட்ட வேண்டுமென்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றான். பிறகு, "நீயே சொல்லு, உன்ன அங்கி போட்டுத்தான மாட்டியிருக்காங்க? சாதாரணத் துணியில உன்ன யாராவது மாட்டினாங்களா?" என்றான். அது சாமர்த்தியமான பதில் இல்லை; அவனுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படித்து மேலே வந்தவர்கள் என்று எங்களைச் சொல்கிறார்கள். மேலே வந்த பிறகு எதையெல்லாம் துடைக்க வேண்டும், எதை விட்டுவைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருந்தாலும் நாங்கள் கேட்டிருப்போமா என்று தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து மருமகள் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். வந்த அன்றே சுவரை ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்து, "மாமா எவ்வளவு கம்பீரமா இருக்காங்க அத்தை! பெரிய ஆபீஸ்லயா இருந்தாங்க?" என்றாள்.

"மாவு மில்லும்மா" என்றாள் அத்தை. அவள் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அத்தை யாரையும் படம் எடுக்கவில்லை. புதுப் போன் வாங்கிக் கொடுத்தார்கள். பேச மட்டும் வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதன் அம்மா வந்து கேட்டபோதுகூட, "கை நடுங்குதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கை நடுங்குவதை நான் பார்த்ததில்லை.

போன வாரம் போயிருந்தேன். எல்லாரும் முன்னறையில் இருந்தோம். அத்தை திடீரென்று சொன்னாள்:

"நேத்துக் கனவுல வந்தாருடி. இந்த மூஞ்சியோடவே வந்தாரு. கோட்டப் போட்டுக்கிட்டு. நான் யாரு நீங்கன்னு கேக்கறேன், அவரு ஒண்ணும் பேசல." பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கு நல்லா ஞாபகம் இருக்குமே. சொல்லு, கேப்போம். அவரு மூக்கு எப்படி இருக்கும்?"

"கொஞ்சம் சப்பை அத்தை."

"சப்பையா? எடுப்பான மூக்குடி அவருக்கு. எங்க அண்ணனே சொல்லுவாரு."

"சப்பையும் இல்ல, எடுப்பும் இல்ல" என்றான் மகன். "நுனியில கொஞ்சம் வளைஞ்சிருக்கும். பல்லு இந்தப் பக்கம் இல்லாம இருக்கும்." தன் வாயின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இடது பக்கம்" என்றேன்.

"எதுக்க நின்னு பாத்தா உனக்கு அப்படித் தெரியும்."

"இல்ல, நான் அதையும் யோசிச்சுத்தான் சொல்றேன்."

அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் கன்னத்தில் கையை வைத்து எதையோ தேடுவதுபோலத் தடவினாள். கண் எப்படி, நெற்றி எப்படி என்று கேட்டுக்கொண்டே போனாள். நாங்கள் சொன்னோம். ஒன்றுக்கொன்று சேரவில்லை. உரக்கப் பேசினால் சரியாகிவிடும் என்பதுபோல மூன்று பேரும் குரலை உயர்த்திக்கொண்டிருந்தோம்.

மருமகள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள். அவளுக்கு நாங்கள் படத்தை ஸ்டுடியோவில் கொடுத்த கதையைச் சொன்னதில்லை. சுவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"அப்ப இது யாரு அத்தை?"

அத்தை எழுந்து, கோணலாக இல்லாத சட்டத்தை ஒருமுறை நேராக்கினாள்.

"உங்க மாமாதாம்மா" என்றாள். "வேற படம் இல்ல."