புஷ்பம் டீச்சரின் விடுமுறை வகுப்பு

விஷக்காய்ச்சல் வந்த வருஷத்துக்குப் பிறகு புஷ்பத்துக்கு எதைக் கண்டாலும் பயம். அந்தக் காய்ச்சலில்தான் அவள் புருஷன் போனான். இலங்கையில், பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். திங்கட்கிழமை பாடம் சொல்லிக் கொடுத்தான். அந்த வாரம் முடிவதற்குள் மண்ணுக்குள் போய்விட்டான். தோட்டத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை. திருச்சியில் பாதிரிமார் பள்ளியில் கொஞ்ச காலம் படித்திருந்த புஷ்பத்தைத் தோட்டத்தை நடத்தும் துரை கூப்பிட்டு, "இனிமே நீ பாத்துக்கோ" என்றார். மறுக்கவும் பயம். மறுத்தால் பள்ளிக்கூடத்தோடு ஒட்டியிருந்த அறையை விட்டு இறங்கி, குழந்தையோடு எங்கே போவது?

குழந்தை மருதாயிக்கு ஏழு வயது. அவளைப் பற்றிய பயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது. முகம் மஞ்சள் வெளுப்பு; கண்ணுக்குக் கீழே வீக்கம்; நாலு எட்டு நடந்தால் மூச்சிரைப்பு. யாரும் பார்க்காதபோது சுவரைச் சுரண்டி மண்ணைத் தின்பாள். புஷ்பம் அதை யாருக்கும் சொல்லவில்லை. பேய் பிடித்த பிள்ளை என்று, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பேசுவார்கள். மந்திரித்த கயிறு ஒன்றைக் கட்டி, அது வெளியே தெரியாமல் சட்டையை இழுத்து விட்டிருந்தாள்.

1920 சித்திரையில், தோட்டப் பள்ளி வாத்திமார் எல்லாரும் பதுளைக்கு வரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அங்குள்ள மிஷன் கல்லூரியில் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டிருந்த நாட்களில் வாத்திமாருக்கு வகுப்பு. டவுன் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரி மைதானத்தில் விளையாட்டும் தேகப் பயிற்சியும். தன்னை ஏதாவது கேள்வி கேட்டு, இவள் டீச்சரே இல்லை என்று கண்டுபிடித்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் புஷ்பம் நினைத்தாள். மருதாயியையும் கூட்டிக்கொண்டு சாமான் வண்டியில் ஏறினாள்.

வகுப்பில் பெரும்பாலும் ஆண்கள். பின்வரிசை வாங்குப் பலகையில் மற்ற இரண்டு பெண்களோடு அவளும் உட்கார்ந்தாள். படம் வரைவது, கணக்கை மணிகளால் சொல்லிக் கொடுப்பது, பாட்டோடு எழுத்துச் சொல்வது என்று நாட்கள் போயின. யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் நோய்களைப் பற்றிப் பாடம் எடுக்க, செல்வநாயகம் என்ற மருந்தய்யா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மேசைமேல் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தார். சாராயத்தில் ஊறிய வெள்ளை நூல் துணுக்குகள் போல ஏதோ அடியில் கிடந்தன.

"இதுதான் கொக்கிப்புழு. வெறுங்காலோட சேத்து மண்ணில நடக்கேக்க தோலுக்குள்ளால ஏறிவிடும். குடலில கடிச்சுக்கொண்டு இரத்தம் குடிக்கும். அந்தப் பிள்ளையை நீங்கள் பாத்தவுடனே கண்டுபிடிக்கலாம். முகம் வெளுக்கும், கண் வீங்கும், ஓட ஏலாது. சில பிள்ளையள் மண் தின்னும்."

முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மருதாயி வெறுங்காலோடு மரத்தடியில் குந்தியிருந்தாள். விளையாடும் பிள்ளைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மருந்து இருக்குதா?" என்று யாரோ கேட்டார்கள். இருக்கிறது என்றார் அவர்.

வகுப்பு கலைந்ததும் எழுந்து அவரிடம் போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற மாரிசாமி வாத்தியார், எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மருந்தாம் மருந்து. எங்க தோட்டத்துல ஒருத்தன் அதக் குடிச்சிட்டுச் செத்தே போயிட்டான் தங்கச்சி."

"ஏண்ணே?"

"மருந்துக்கு மேல சாராயத்தையும் குடிச்சிட்டான்னு சொல்றாங்க. யாருக்குத் தெரியும்?"

புஷ்பம் மருந்தய்யாவிடம் போகாமல் வெளியே நடந்தாள். புழுவோடு விட்டாலும் பிள்ளை போய்விடுவாள். மருந்து கொடுத்தாலும் போய்விடுவாளோ? சோறு இறங்கவில்லை. மகளின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள், உள்ளே ஏதாவது நெளிகிறதா என்று. மருந்தய்யா தாழ்வாரத்தில் வந்தால் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

ஆனால் பிள்ளை கட்டுக்குள் நிற்கவில்லை. ஒருநாள் மைதானத்தில் ஓட்டப் பந்தயம் நடந்தபோது டவுன் பிள்ளைகளோடு தானும் ஓடிவிட்டாள். பாதி தூரத்தில் மடங்கி விழுந்தாள். புஷ்பம் வகுப்பை விட்டு ஓடிவந்து தூக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்தய்யாவும் வந்துவிட்டார். மருதாயியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை.

"பிள்ளை மண் தின்னுறவளோ?"

ஆமென்று புஷ்பம் தலையை ஆட்டினாள்.

"மருந்து குடுக்க வேணும், அம்மா. இனியும் விட்டால் இருதயம் தாங்காது."

"அந்த மருந்து... ஆளக் கொல்லுமாங்க?"

"பயமில்லாத மருந்தெண்டு பொய் சொல்லமாட்டன். அளவு பிசகக் கூடாது. தலை சுத்தும், நித்திரை அமத்தும். பக்கத்தில நிண்டு பாக்க வேணும்."

"உங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?"

"குடுத்தனான். கை நடுங்கினது."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் புஷ்பம் சம்மதித்தாள். பயமே இல்லாத ஆளாக இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

மருதாயிக்கு மூச்சு சீரான பிறகு, ஒரு காலை வெறும் வயிற்றில், கல்லூரியின் நோயாளர் அறையில் மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் "அம்மா, காதுக்குள்ள வண்டு கத்துது" என்றாள் மருதாயி. பிறகு கட்டில் சுழல்கிறது என்று அழுதாள். அதன்பின் அழவும் இல்லை, தூங்கிப்போனாள்.

"மருதாயி! ஏ மருதாயி!"

அசையவில்லை. புஷ்பம் மூக்கின் கீழே விரலை வைத்தாள். மூச்சு வருகிறதா, தன் விரல்தான் நடுங்குகிறதா, தெரியவில்லை. அடுத்த அறையில் வாத்திமார் எழுத்துப் பாட்டைச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்துச் சிரித்துப் பாடுவது அவளுக்குத் தாங்கவில்லை. புருஷனின் கடைசி மணி நேரம் இப்படித்தான் இருந்தது, இப்படியேதான் கூப்பிட்டாள். மருந்தய்யா நாடியைப் பிடித்தபடி கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் நெற்றியிலும் வேர்வை. பிள்ளையைத் தட்டி எழுப்பி, பேதி மருந்தைப் புகட்டி, மறுபடி நாடியைப் பிடித்தார்.

வெயில் ஜன்னலைத் தாண்டி இறங்கிய பிறகு மருதாயி கண்ணைத் திறந்தாள். "பசிக்குது" என்றாள்.

பேதியானதைத் துணியில் வடிகட்டி அலசினார்கள். பார்க்கவேண்டாம் என்றார் மருந்தய்யா. புஷ்பம் பார்த்தாள். குப்பியில் கண்ட அதே வெள்ளை நூல்கள், துணி நிறைய.

தோட்டத்துக்குத் திரும்பியதும் வேறு பயம் காத்திருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் புழு மருந்து கொடுக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும், துரை விஷம் வைக்கப் பார்க்கிறார் என்று லயத்தில் பேச்சு. டீச்சர் துரையின் ஆள் என்றார்கள். அவள் வாதாடவில்லை. வீடு வீடாகப் போய், "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். உங்க புள்ளைக்கும் உக்காந்துக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். சில தாய்மார் பிள்ளைகளோடு வந்தார்கள். பலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மருந்து குடித்த ஒரு பையன் மயங்கிச் சரிந்தபோது அவன் தாய், "என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, ஒன்ன விடமாட்டேன்டி" என்று கத்தினாள். அவன் எழுந்து உட்காரும்வரை புஷ்பம் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

மருதாயிக்கு இன்னொரு தடவையும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. பழகிய பயம் என்று அது குறையவில்லை. மாதங்கள் போகப் போக உதட்டில் நிறம் வந்தது. சுவரைச் சுரண்டுவது நின்றது.

கார்த்திகையில் ஒருநாள் பக்கத்து லயத்துக்காரி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தாள். "ஒங்க மக எம் மகனத் தொரத்திப் புடிச்சு தண்ணி ஓடுற கான்ல தள்ளிவிட்டுட்டா டீச்சரம்மா! பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டு ஓட்டம் எதுக்கு?"

"தொரத்திப் புடிச்சாளா?" என்று கேட்டாள் புஷ்பம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வந்தவள் பயந்துபோனாள். "சின்னப் புள்ளைங்கதான, விடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.