ஆட்டு வால் கொழுப்பும் ஒரு வெள்ளிக் கம்மலும்

எங்கள் ஏரித்துறைக்கு வந்து ஷார்ஷென் வீடு எது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வாத்து வீடு எது என்று கேளுங்கள், குழந்தைகூடக் கைகாட்டும். அந்த வாத்து நான்தான். கரகோல் ஊருக்கும் இந்தத் துறைக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிறேன். வீட்டுச் செலவு போக மிஞ்சுகிற காசை, அதாவது மிஞ்சாத காசை, தண்ணீருக்குள் மூச்சு விடுகிற பழைய சாமான்களில் கொட்டுகிறேன்.

ஆரம்பித்தது ஞாயிற்றுச் சந்தையில்தான். நான் போனது ஆடு வாங்க. குதிரைச் சேணம் விற்கிறவன் பக்கத்தில் ஒரு ரஷ்யக் கிழவர், கடற்படையில் இருந்தவர், ஊரைக் காலி செய்துகொண்டு போகிற அவசரத்தில் ஒரு தகர டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இரட்டைக் குழாய் மாட்டிய மூச்சு ரெகுலேட்டர். பித்தளை பச்சை பூத்திருந்தது, ரப்பர் தொட்டால் நொறுங்கியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஆடு ஞாபகமே வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி ஜிபார் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதை எப்படிங்க அறுக்கிறது?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வினிகர் ஊறுகாய்க்குக் கிடைத்ததில்லை, பித்தளை ஊறியது. பல்பொடி பல்லுக்குக் கிடைத்ததில்லை. முகக்கண்ணாடி தேய்க்கப் போனது. ரெகுலேட்டருக்குள் இருக்கிற ரப்பர் தகட்டை பஸ் டயரின் ட்யூபில் வெட்டினேன். இடுப்பில் கட்டுகிற எடைக்கு, சக்கரத்தில் ஒட்டுகிற ஈயத் துண்டுகளைச் சேர்த்து வாணலியில் உருக்கினேன். அந்த வாணலி இப்போது கோழிக்கூண்டுக்குக் கூரை. துடுப்புச் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி, ஆனால் இரண்டுமே இடது கால். ரப்பர் உடையில் சைக்கிள் கடை ஒட்டுகள் அம்மைத் தழும்பாக நிறைந்திருக்கும். காற்றுச் சிலிண்டரை மட்டும் நான் நோண்டவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. தீயணைப்பு நிலையத்தில் சோதித்துக் காற்றும் அடித்துக் கொடுப்பார்கள்; கூலி, ஒரு கொத்து உப்பு மீன்.

மாட்டுத் தொட்டியில் தலையை முக்கி மூச்சு விட்டுப் பழகினேன். பக்கத்து வீட்டு ஓமுர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணே, மாடு தண்ணி குடிக்கணுமாம். கொஞ்சம் தலையை எடுத்துக்கிறீங்களா?" என்பான். அவனுக்கு அதுதான் வேலை.

போன கோடையில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு முதல் தடவை ஏரியில் இறங்கினேன். உடைக்குள் இருந்த காற்றெல்லாம் காலுக்கு ஓடிவிட்டது. கால் மேலே, தலை கீழே. ஓமுர்தான் செருப்பைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். வாத்து என்ற பட்டம் அன்றைக்கு வந்தது. அப்புறம் கணுக்காலைக் குதிரை வாரால் இறுக்கிக் கட்டப் பழகினேன். பட்டத்தை அவிழ்க்கத்தான் வழி தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரெகுலேட்டர் வால்வுக்குப் போட ஒரு தனி கிரீஸ் உண்டு. அது விற்கிற விலையில் அதை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால்தான் மனசு ஆறும். நான் ஆட்டு வால் கொழுப்பைப் போட்டேன். எங்கள் ஊரில் இருமலுக்கு அது, பூட்ஸுக்கு அது, கதவுக் கீலுக்கு அது. வால்வு மட்டும் என்ன பெரிய இடத்துப் பிள்ளையா என்று நினைத்தேன். காற்றில் கொஞ்சம் ஆட்டுக்கறி வாசம் வந்தது, அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில் கூமுஷ் அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மகள் மீரிம் காதில் வெள்ளிக் கம்மல் போட்டார். மாப்பிள்ளையின் தாய் கம்மல் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தால் பெண் வீட்டார் தெருவில் தலை காட்ட முடியாது. பையன் தங்கமான பையன். போர்சோக் என்கிற மாவுப் பண்டம் பொரித்து, ஆடு அறுத்து, எல்லோரும் வயிறு நிறைய வாழ்த்தினோம். கூமுஷ் அம்மாளுக்குச் சகுனம் என்றால் உயிர். மூத்த மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கெண்டியின் பிடி உடைந்தது என்று, தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர்.

இலையுதிர்காலம் வந்தது. துறை மேடையில் கம்பளம் அலசப் போன மீரிம் ஒரு காது வெறுங்காதாகத் திரும்பி வந்தாள். கம்மல் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றாள். ஜிபார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேதி கேட்டு கூமுஷ் அம்மாள் வந்தார்.

"ஏரி வாங்கிக்கிச்சுன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு," என்றார். "ஆனா அவசரப்படக் கூடாது. சம்பந்திதான் தண்ணிக்குள்ள போற சாமான் ஏதோ வச்சிருக்காராமே. நாளைக்கு அவர் இறங்கட்டும். எடுத்துட்டார்னா கல்யாணத்தை நடத்திடுவோம். எடுக்க முடியலைன்னா இது நமக்கு எழுதலை, யார்மேலயும் குத்தமில்ல."

பெற்ற மகளுக்கு வந்த கஷ்டத்தில் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். என் சாமானை ஒரு மனுஷி நம்பிக் கேட்டுவிட்டாள். வால்வுக்கு இன்னும் ஒரு கை கொழுப்பு தாராளமாகத் தடவினேன்.

மறுநாள் துறை மேடையில் பாதி ஊர் நின்றது. கூமுஷ் அம்மாளுக்கு நாற்காலி போட்டிருந்தது. மேடைக் கால் ஓரம் மூன்று ஆள் ஆழம் இருக்கும். தண்ணீர் எலும்பைத் தொடுகிற குளிர். இறங்கினேன். ஒரு ஆள் ஆழம் போனேன். மூச்சை இழுத்தேன். வரவில்லை. குளிரில் கொழுப்பு மெழுகாக உறைந்து வால்வைப் பிடித்துக்கொண்டது. படியைக் கட்டிப் பிடித்து ஏறி, மேடையில் விழுந்து மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன்.

"என்ன அண்ணே, அதுக்குள்ள தேடி முடிச்சிட்டீங்களா?" என்றான் ஓமுர்.

"கொழுப்பு உறைஞ்சு போச்சுடா."

"கொழுப்பு யாருக்குன்னு இப்பவாவது தெரிஞ்சுதே," என்றாள் ஜிபார். ஊரே சிரித்தது. கூமுஷ் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது, சரி பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார்.

மேடைக்குப் பின்னால் இருந்த படகுக் கொட்டகையில் ரெகுலேட்டரைப் பிரித்துப் போட்டேன். மீரிம் கெண்டியில் வெந்நீர் கொண்டு வந்து ஊற்றினாள். நான் கொழுப்பை வழித்து வழித்து எடுத்தேன்.

"அப்பா, அது கழண்டு விழலை," என்றாள். "நான்தான் எறிஞ்சேன்."

கையில் இருந்த திருகாணி கீழே விழுந்தது.

"அவன் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டானா?"

"இல்லப்பா. அவன்கிட்ட ஒரு குறையும் இல்ல. எனக்கு அவன் வேண்டாம், அவ்வளவுதான். திருப்பிக் கொடுத்தா உங்களை ஊர் பேசும். தொலைஞ்சா அந்தம்மா தானா விலகிடுவாங்கன்னு நினைச்சேன். நீங்க இறங்கணும்னு அவங்க சொன்னப்பக்கூட நிம்மதியாத்தான் இருந்துச்சு. உங்க சாமான் எங்க வேலை செய்யப் போகுதுன்னு."

என் மகளே என் ரெகுலேட்டரின் தோல்வியை நம்பித்தான் இருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இதை அன்னிக்கே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்னடி?"

"எப்பச் சொல்றது? நீங்க ரப்பர் வெட்டிக்கிட்டு இருந்தீங்க. பையனைப் பிடிச்சிருக்கான்னு கேட்டீங்க. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, அந்த வாஷரை எடும்மான்னீங்க. எடுத்துக் கொடுத்தேன். சரி, அவளுக்குச் சம்மதம்னு அம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டீங்க."

அந்த வாஷர் ஞாபகம் இருந்தது. நல்ல வாஷர். அதைப் பொருத்தினபோது மகள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது.

"இப்ப நான் இறங்காம விட்டுட்டா?"

"வேற யாரையாவது கூட்டிக்கிட்டு வந்து தேடுவாங்கப்பா. நீங்களே இறங்கிடுங்க. எப்பவும் போல."

எப்பவும் போல என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். மறுபடியும் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

துரோகி ரெகுலேட்டர் அன்றைக்கென்று வேலை செய்தது. மூச்சை இழுத்தேன், வந்தது. விட்டேன், போனது. இத்தனை வருஷம் வினிகரில் ஊறிய பித்தளை, பஸ் ட்யூபில் வெட்டிய ரப்பர், எல்லாம் சேர்ந்து என்னை ஏரியின் அடியில் உயிரோடு வைத்திருந்தன. மேடைக் கால்களுக்கு நடுவே வெயில் இறங்கி மணலில் ஆடியது. சின்ன மீன்கள் என் முகத்துக்கு எதிரே நின்று வேடிக்கை பார்த்தன. இரண்டு இடது காலோடு ஒருவன் வருவதை அவை அதற்கு முன் பார்த்திருக்காது.

கம்மல் மூன்றாவது கால் ஓரம், வெறும் மணலில், பளபளவென்று கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மேலே போய் ஓமுர் மூக்குக்கு நேரே இதை ஆட்ட வேண்டும் என்று கை துடித்தது. மகள் சொன்னது மறந்துவிடவில்லை, மறக்காமலேதான் துடித்தது. இனி ஒரு பயல் என்னை வாத்து என்று சொல்ல முடியாது, ஜிபார் வாணலியைக்கூட மன்னிப்பாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் ஒரு கல்லைப் புரட்டி, கம்மலை அதற்கடியில் வைத்து, கல்லைத் திரும்பப் போட்டேன். அப்புறமும் காற்று குறைகிற வரைக்கும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

மேலே வந்து, "கிடைக்கலை," என்றேன்.

"கிடைச்சிருந்தாத்தான் அதிசயம்," என்றான் ஓமுர். "கீழ உக்காந்து அழுதிருக்காரு. எவ்வளவு குமிழி பார்த்தீங்களா?" அழாத குறைதான்; குனிந்து கணுக்கால் வாரை அவிழ்த்தேன்.

கூமுஷ் அம்மாள் எழுந்தார். மீரிமின் கன்னத்தைத் தடவினார். "தண்ணிக்குப் போனது தண்ணியோட போகட்டும். உன்மேல எனக்கு வருத்தமில்ல மகளே," என்று சொல்லி மீதி இருந்த ஒற்றைக் கம்மலை வாங்கிக்கொண்டார். நஷ்டத்துக்கு ஈடாக நாங்கள் ஒரு ஆட்டை ஓட்டி அனுப்பினோம். கொழுத்த வால். போகும்போது அந்த வாலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன், பழக்கதோஷம்.

அந்தப் பையனுக்குப் பனி விழுவதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது, அங்கே கெண்டி எதுவும் உடையவில்லை. மீரிம் நர்ஸ் படிப்புக்கு பிஷ்கெக் கிளம்பினாள். கரகோல் பஸ் நிலையம் வரை என் வண்டியில்தான் வந்தாள். ஓமுரும் ஏறியிருந்தான். மகள் கல்யாணமே அப்பன் சாமானால் நின்றுபோன கதையை, கூட வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

நிலையத்தில் அவள் பெட்டியை இறக்கிக் கொடுக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காவது தெரிய வேண்டாமா.

"ரெண்டாவது தடவை அது நல்லா வேலை செஞ்சுதும்மா," என்றேன்.

"தெரியும்ப்பா," என்றாள். "குமிழி நிக்கவே இல்லையே. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். மூணாவது கால் பக்கத்துல ரொம்ப நேரம் ஒரே இடத்துல வந்துச்சு. நான் எறிஞ்ச இடத்துல."

பிஷ்கெக் பஸ் ஹாரன் அடித்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், அப்புறம் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பஸ் மறைகிற வரைக்கும் நின்றேன். ஓமுர் என் வண்டி ஜன்னலில் இருந்து தலையை நீட்டினான்.

"வாத்தண்ணே, வண்டியை எடுக்கலாமா?"

எடுக்கலாம் என்றேன்.