கோதைக்கு மின்சிகிச்சை நடந்த ஆடி மாதம்

போன ஆடியில் என் மகள் கோதை பேச்சை நிறுத்தினாள். பதினாறு வயது. முதலில் பேச்சு போனது, பிறகு முகம் பார்ப்பது, பிறகு விழுங்குவது. ஊட்டிய சோறு கன்னத்தில் அப்படியே ஊறிக் கிடக்கும். தூக்கிய கை தூக்கியபடியே நிற்கும். வெளியே காவிரி கரை தொட்டு ஓடியது. என் வீட்டுக்குள் ஒரு உடம்பு ஓடாமல் நின்றது.

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறோம். தினமும் தாயார் சன்னதியில் நின்று அழுதேன். ஊசி, மாத்திரை, மந்திரித்த கயிறு, எதற்கும் அவள் அசையவில்லை. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா கடைசியில் சொன்னார்: "இப்படியே விட்டா உயிருக்கே ஆபத்துங்க. மயக்கம் குடுத்து மின்சிகிச்சை செய்யலாம்."

சினிமாவில் பார்த்த ஷாக்தான் என் கண்முன் வந்தது. 'அது மட்டும் வேண்டாம் தாயே, நீயே எழுப்பிவிடு' என்று வேண்டினேன். கோதை எழவில்லை. வேறு வழியில்லாமல் சம்மதித்தோம். பதினெட்டு வயது ஆகாததால் மனநல வாரியத்தின் அனுமதிக்கும் காத்திருந்தோம். காத்திருந்தே தேய்ந்தோம், அவளும் நானும்.

அனுமதி வந்தது. சிகிச்சையன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்றிருந்தார்கள். மயக்க டாக்டர் அவள் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கடியில் ஒரு துளசி இலை.

"இது என்னங்க?"

என் நாத்தனார் ராஜாத்தி முன்னால் வந்தார். "பெருமாள் தீர்த்தம் சார். ஒரு உத்தரணிக் கரண்டிதான் குடுத்தேன்."

"ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னீங்களே?"

"ஒண்ணும் குடுக்கலையே! தீர்த்தத்தைப் போய் யாராவது தண்ணில சேப்பாங்களா?"

"மயக்கத்துல மூச்சுக்குழாய்க்குள்ள போனா தீர்த்தமும் தண்ணிதாங்க. இன்னிக்கு வேண்டாம், கூட்டிட்டுப் போங்க."

"நீ கும்பிட்டது போதும்க்கா" என்றார் என் கணவர். ராஜாத்தி அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. கோதையை வார்டில் விட்டு, பஸ்ஸேறி நேராகச் சன்னதிக்குப் போனேன். இந்த முறை வேண்டாம் என்று கேட்கவில்லை. 'அந்த அறைக்குள் நீயும் வா. டாக்டர் கையில் இரு. பிள்ளையைத் திருப்பிக் கொடு.'

அடுத்த முறை வெறும் வயிறு. சில நிமிடம்தான். நான் பயந்த அலறல் இல்லை. கால்விரல் லேசாகத் துடித்தது என்றார் நர்ஸ். அன்று ஒன்றும் மாறவில்லை. அதற்கடுத்த முறை, கண் என் பின்னாலேயே வந்தது. பிறகொரு மதியம், சிக்குப் பிடித்த அவள் தலையை ராஜாத்தி அண்ணி சீவிக்கொண்டிருந்தார்.

"வலிக்குது அத்தை. மெதுவா."

சீப்பு கீழே விழுந்தது. "வலிக்குதாடி? என் தங்கமே, நல்லா வலிக்கட்டும்டி!"

கோதை முறைத்தாள். "உங்களுக்கு என்ன லூசா அத்தை?"

வார்டே சிரித்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரங்கள் அவளுக்கு நினைவில் இல்லை. சிலவற்றை இன்னும் மறக்கிறாள். மாத்திரை தொடர்கிறது. நானும் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் இப்போது ஸ்கூலுக்கு எழுப்பி, தொண்டை வற்றக் கூப்பிட்டு, சொல்லுக்குச் சொல் பதில் வாங்கிக் களைக்கிறேன். இந்தக் களைப்பைத் தந்த தாயாருக்கு என் நமஸ்காரம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பேசாமல் படுத்திருக்கலாம். வெட்கப்படாதீர்கள். தாயாரிடம் போய் அழுங்கள். அழுது முடித்ததும் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தாயார் வாசலோடு நின்றுவிட மாட்டாள், உள்ளேயும் வருவாள்.