ஜௌபரின் தேத்தண்ணி

கண்டக்குழியில் காட்டூன் படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெருநாள் விடுமுறையில் வாசிகசாலை மண்டபத்தில் குடும்பப் படம் போடுவது தாஹிரின் வேலை. முஃபீதா முதலில் பார்த்து, சின்னாக்களுக்கும் சரி, பெரியாக்களுக்கும் சரி என்று சொன்னால்தான் அவர் திரை கட்டுவார். ஒருமுறை அவளைக் கேட்காமல் போட்டு, பெரியவர்கள் எல்லாம் பாதியில் எழும்பிப் போனதில் மனுஷனுக்குப் புத்தி வந்தது.

அவள் திரையைப் பார்ப்பதே குறைவு. பாயில் இருக்கும் மகள் ஸஹ்றாவைத்தான் பார்ப்பாள். பிள்ளை காலாட்டுவதை மறந்தால் சின்னாக்களுக்குச் சரி என்று கணக்கு. பெரியாக்களுக்குப் புருஷன் ஜௌபர். கரைவலை இழுத்துக் களைத்து வருபவர். காட்டூன் என்றாலே கொட்டாவி விடுவார். அவர் சாய்ந்திருக்கும் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பால் தேத்தண்ணி வைப்பாள். மடமடவென்று குடித்துவிட்டு எழும்பினால் படம் தேறாது. குடிக்க மறந்து ஆறிப்போனால் தேறும். இது ஊருக்கே தெரியும். ஜௌபருக்குத் தேத்தண்ணி ஆறிச்சாமா என்று விசாரித்துவிட்டுத்தான் சனம் மண்டபத்துக்கு வரும்.

அந்த ஜௌபர் நோன்புக்கு முன்னால், வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். பிறகு எழும்பவில்லை.

முஃபீதா வெள்ளை உடுத்து, வாசல் தாண்டாமல், வேற்று ஆண்கள் முகம் பார்க்காமல் இத்தா இருந்தாள். அழவில்லை. கல்லு மனசு என்று ஒருத்தி சொன்னது அவள் காதிலும் விழுந்தது. சொல்கிறவர்களுக்கு என்ன, வாய்க்குச் செலவா? உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். சோறு தின்றாள், என்ன கறி என்று கேட்டால் தெரியாது.

பெருநாளுக்கு மறுநாள், விடுமுறை முடியுமுன், தாஹிர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு, மனைவி அலீமாவிடம் லெப்டொப்பைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

"ஏலாட்டிப் பரவாயில்ல ராத்தா. வேற ஆரையும் பாக்கச் செல்றோம்," என்றாள் அலீமா.

"வெச்சிட்டுப் போங்க."

இதையும் விட்டுவிட்டால் தன்னிடம் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அடுப்படிக்குப் போய் வந்து படத்தைப் போட்டாள்.

நண்டுக் குடும்பம் ஒன்றின் கதை. அலை வந்து வளையை உடைக்க உடைக்க, தகப்பன் நண்டு கடலை ஏசி ஏசித் திரும்பத் தோண்டியது. ஸஹ்றாவின் கால் நின்றது. நடுவில் வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தாள். சின்னாக்களுக்குச் சரி. பெரியாக்களுக்கு? முஃபீதா தன்னையே கேட்டுப் பார்த்தாள். சிரிப்பும் வரவில்லை, சலிப்பும் வரவில்லை. நல்ல படமா கெட்ட படமா என்றே பிடிபடவில்லை. இனித் தன்னால் முடியாது என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு அலீமா வந்தாள். உள்ளே நுழைந்தவள் கண்ணில் முதலில் பட்டது கதிரைப் பக்கத்துக் கோப்பை. வாய் தளும்ப ஆறி, ஆடை படிந்திருந்தது.

"இஞ்சாருங்க, தேத்தண்ணி ஆறித்தான் ஈக்கி! பெரியாக்களுக்கும் சரி..."

வாசலுக்கு வெளியே நின்ற தாஹிருக்குக் கூவியவள், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முஃபீதா கோப்பையைப் பார்த்தாள். அதை ஊற்றியது அவள்தான். ஊற்றியது நினைவே இல்லை. கை தன் பாட்டில் செய்திருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தாள். நெஞ்சைக் கரிக்கிற இனிப்பு. சீனி வருத்தம் வரப்போகுது என்று ஒவ்வொரு நாளும் அவரை ஏசிக்கொண்டே அள்ளிப் போட்ட அதே அளவு சீனி. வலையில் மீன் இல்லாத நாளில், கரையில் நின்று கடலோடு சண்டை பிடிக்கிற மனுஷன் அவர்.

"அந்த நண்டு கடலுக்கு ஏசக்குள்ள அவர் உழுந்து உழுந்து சிரிச்சிருப்பார், அலீமா," என்றாள். "தேத்தண்ணிய ஆற உட்டிருப்பார். போடச் செல்லுங்க."

அதன் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கோப்பையைக் கீழே வைக்காமல் அழுதாள்.