நான்கு குச்சியும் சிவப்புத் துணியும்

கணுக்கால் உயரம்கூட இல்லாத ஒரு செடியால் வந்த வினை இது.

பங்குனியில் எங்கள் தன்னார்வக் குழு காட்டுச்செடிகளைக் கணக்கெடுத்தபோது குமராட்சிப் பக்கம் என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவன். எனக்குத் தெரியாத செடியா என்ற திமிர் ஜாஸ்தி. நெல் அறுத்துக் கிடந்த ஒரு வயலில் கொட்டைக்கரந்தை, செருப்படை, பொடுதலை என்று எழுதிக்கொண்டே போனவன், இந்தக் குட்டிச் செடியின்முன் முழித்துக்கொண்டு நின்றேன். மொட்டு மட்டும்தான் இருந்தது. பூ விரியாமல் பெயர் சொல்ல முடியாது. பத்து நாள் கழித்து வரலாமென்று சுற்றிலும் நான்கு குச்சி நட்டு, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினேன்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மா வரப்பில் வந்து நின்றார்.

“என்னா சார் எழுதுறீங்க?”

“தரிசுல என்னென்ன செடி கெடக்குன்னு எழுதுறேங்க்கா.”

“வூட்டுக்காரருக்கு ஒடம்பு முடியல சார். அதான் இந்த வருஷம் உளுந்து தெளிக்கல.”

சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் செடியைப் படம் எடுத்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் போனால் வயல் முழுக்க உழுது கிடந்தது. குச்சியும் இல்லை, செடியும் இல்லை. அந்த அம்மா வரப்பில் நின்றிருந்தார். “ஏங்க்கா, பத்து நாள் பொறுக்கக் கூடாதா?” என்று கத்தியேவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

“எங்க அக்கா ஊர்ல இப்புடித்தான் சார் குச்சி நட்டு செவப்புத் துணி கட்டுனாங்க. தரிசுன்னு எழுதிக்கிட்டாங்க. அப்பறம் நெலம் கம்பெனிக்குப் போயிடுச்சி. இந்த அரைக் காணிய வுட்டா எங்களுக்கு வேற நாதியில்ல. அதான் டிராக்டர் வச்சி ஓட்டிட்டேன். தரிசுன்னு போட்டுடாதீங்க சார்.”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனவனே நான்தான். “ஐயோ அக்கா, நான் வெறும் செடி எழுத வந்தவன்” என்று என்னென்னவோ விளக்கினேன். அன்றைக்கு நான் ஆட்டிய மாதிரியே தலையாட்டினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

“மாத்தி எழுதிக் காட்டுங்க சார்.”

என் தாளில் ‘தரிசு’ என்பதை அடித்து, ‘உழுத நிலம்’ என்று எழுதி நீட்டினேன். வாங்கி, எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தார். செடியின் பெயருக்காக நான் விட்டிருந்த இடம் அதற்கு மேலேயே காலியாக இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

“கீழ கையெழுத்துப் போடுங்க சார்.”

அவமானமாக இருந்தது. போட்டேன்.