மீன் கூடைக்காக ஒரு பேச்சு

எழுபதுகளில் புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஓடிய தனியார் பஸ்ஸில் நான் டிரைவர். என் வீடு செங்கல்பட்டில். மீன் கூடைகளை ஏற்றக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

ஒரு காலையில் மீன்காரப் பெண்கள் பஸ்ஸை மறித்தார்கள். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும். அவர்களோடு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி பேசத் தொடங்கினாள். திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“அண்ணாத்த, நேத்து உங்க வூட்ல இன்னா கொழம்பு?”

“மீன் கொழம்பு,” என்றேன் மெதுவாக.

“அந்த மீனு செங்கல்பட்டுக்கு நடந்தா வந்துச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிப் போய் முதல் கூடையை நானே பஸ்ஸின் கூரைமேல் ஏற்றினேன்.

“எவன் சொல்லி ஏத்துன?” என்று மாலையில் முதலாளி கத்தினார்.

“யாரும் சொல்லல,” என்றேன். அது பொய்யில்லை. கூடையை ஏற்று என்று அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.